அந்த ஆறடியின் கணக்கு

"வாழ்க்கைக்குக் கால்குலஸ் எதுக்குப் பாஸ்?" என்ற மீமைத் தேனிக்காரர்கள் ஷேர் பண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது. "நியூட்டனுக்கு முன்னாடியே நாம கண்டுபிடிச்சிட்டோம்" என்ற ஃபார்வர்டைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வருகிறது. முதல் கோஷ்டிக்குக் கணக்கே வேண்டாம். இரண்டாவதுக்குப் பெருமை மட்டும் போதும்.

முதலில் அந்த 'நாம' யார்? மலைக்கு அந்தப் பக்கம், 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவரும் அவர் வழிவந்தவர்களும் வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத தொடராகக் கூட்டினார்கள். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வில் அதற்கான நிரூபணங்களைப் பேச்சுமொழியான மலையாளத்தில் எழுதினார். எதற்கும் பொருந்தும் பொதுமுறையாக அது வளர்ந்தது 17-ஆம் நூற்றாண்டில், நியூட்டன், லைப்னிட்ஸ் கையில். இதை ஒத்துக்கொண்டால் மாதவருக்கு ஒரு குறையும் வராது. ஏன், எப்படி என்று சொந்த மொழியில் விளக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் பிளஸ் டூவில் இன்டகிரேஷன் என்பது மனப்பாடம். எதுக்கு சார் என்று கேட்டால், "மார்க்குக்கு". அந்த வகுப்பில் இருந்த பாதிப் பேரின் வீட்டுச் சோறு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்தது.

அணையின் சுவரைப் படுக்கைவாட்டில் மெல்லிய பட்டைகளாக வெட்டுங்கள். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தம் கூடும். அத்தனையையும் கூட்டுவதுதான் இன்டகிரேஷன். தண்ணீர் 136 அடி நின்றால், செங்குத்துச் சுவரின் ஓரடி அகலத்தில் சுமார் 262 டன் தள்ளும். 142 அடி என்றால் 285 டன். உயரம் கூடியது 4.4 சதவீதம், தள்ளுவிசை 9 சதவீதம், சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை கிட்டத்தட்ட 14 சதவீதம். அணை உடையும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. எதிர்த்தட்டில் அணையின் எடை இருக்கிறது, 1979-க்குப் பிறகு செய்த பலப்படுத்தல் இருக்கிறது. அவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டலும் உண்டு. மேலே போகப் போக ஏரி விரிவதால், மேல் ஆறடியில் தேங்கும் தண்ணீர் அடியாழத்து ஆறடியைவிடப் பல மடங்கு. கம்பத்து விவசாயி அந்த ஆறடியை விடமாட்டேன் என்பது வீம்பு இல்லை. இடுக்கிக்காரர் அதே ஆறடிக்குப் பயப்படுவது நடிப்பும் இல்லை. இரண்டு பேரும் ஒரே அணையின் இரண்டு தொகைகளைச் சொல்கிறார்கள்.

142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் இரு பக்கமும் கத்தல்தான். பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். சந்தோஷம். அந்த மனுஷன் இன்ஜினியர். அவர் செய்த கணக்கை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், நாளைக்கு டிவியில் எவன் எந்த நம்பரைச் சொன்னாலும் அவர்கள் தலையாட்டத்தான் வேண்டும்.