ஸ்தோத்திரமும் கூலிக் கணக்கும்

விடியுமுன்னே சிலமலையிலிருந்து ஜீப் கிளம்பிவிடும். போடி வந்து, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் சனங்களை இறக்கிவிடும். வளைவுக்கு வளைவு உள்ளே ஏதாவது ஒரு பொம்பளை "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பாள். கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், அது சும்மா வருகிற சொல் இல்லை. அந்த நன்றியைக் கேலி பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அபின் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். மழையில் அட்டை கடிக்க, மருந்தடித்த செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கிறவளுக்கு மறுநாளும் எழுந்து போகத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று அவளிடமே கேட்டிருக்கிறோமா?

என் சண்டை வேறு.

போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்க சித்தி தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. பார்க்க வந்த போதகர், "உயிரோட வச்சாரே, அதுக்கு ஸ்தோத்திரம் பண்ணும்மா" என்றார். சித்தி சொன்னது: "விழுந்த எடத்துலயே பண்ணிட்டேன்யா. நின்னுபோன கூலியக் கேக்கணும், கூட வாறீங்களா?" ஐயா ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றிலும் நன்றி சொல்லச் சொன்னவர் பவுல். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம். அதே கடிதத்தில், தான் பிலிப்பியில் பட்ட அவமானத்தையும் எழுதுகிறார். பிலிப்பியில் என்ன நடந்தது? அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். அடிபட்டு, காலில் தொழுமரம் மாட்டி, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடுகிறார்கள். பூமி அதிர்கிறது, கதவு திறக்கிறது. நம்ம பிரசங்கிமார் அநேகமாக இங்கேயே ஆமென் போட்டுவிடுவார்கள். கதை முடியவில்லையே! காலையில் அதிகாரிகள் ஆள் அனுப்பி, விடுதலை, போகலாம் என்கிறார்கள். பவுல் நகர மறுக்கிறார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் ஊர் பார்க்க அடித்தீர்கள், இப்போ ரகசியமாக அனுப்பவா, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். ராத்திரி பாடிய வாயும் காலையில் உரிமை கேட்ட வாயும் ஒன்றுதான்.

பவுலுக்குக் காட்டக் குடியுரிமை இருந்தது. நம்ம கிறிஸ்தவச் சனத்திடம் இருந்ததை 1950ஆம் வருட குடியரசுத் தலைவர் ஆணை பிடுங்கிக்கொண்டது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். சென்னை எழும்பூரில் ரோட்டோரம் செருப்பு தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு தொடர்வதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை போல. 2022இல் மறுபடி ஒரு ஆணையம் போட்டார்கள்.

கஷ்டத்தில் கடவுளுக்கு நன்றி சொல்வது நம்ம சனத்தின் சொத்து. அதைக் கஷ்டத்துக்கே சொல்கிற நன்றியாகத் திருப்பி, முதலாளி கணக்கில் வரவு வைக்கிறதுதான் அயோக்கியத்தனம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏலம் போனது. அன்றைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட வேண்டியவர் யார், எங்க சித்தியா? வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923இல், சட்டம் வந்துவிட்டது. எந்தப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்?

அடுத்த திங்கள்கிழமை சித்தியோடு நாங்கள் மூன்று பேர் அதே ஜீப்பில் மலையேறினோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். தோட்டத்தில் முதலில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் பாதிக் கூலி கொடுத்தார்கள். சித்தி எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, "ஸ்தோத்திரம்" என்றாள். அப்புறம் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "மீதி என்னைக்கு?" என்றாள்.