மிதி தரையைத் தொட்டது

கொட்டிலிற் பல்லாண்டு கிடந்த மொறிஸ் மைனரின் இயந்திரம் உறுமியதுமே, தாயாரை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் புறப்பட ஆயத்தமானான் என் மருமகன். "தம்பி, முதலில் பிறேக்கை மிதித்துப் பார்" என்றேன். மிதி தரையைத் தொட்டது!

1948இல் அறிமுகமான இக்காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடர்தான். ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் கைவிடும். பின்சில்லுகளை மட்டும் பற்றும் கைப்பிறேக்கே எஞ்சும். பிறேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அவ்வீரத்தாற் சிலிண்டரின் உட்புறம் துருவேறி றப்பர்களை அராவிவிடும். பிரதான சிலிண்டர் எங்கிருக்கிறது தெரியுமோ? சாரதியின் காலடித் தளத்தின் கீழே! விரிப்பை நீக்கியே எண்ணெய் பார்க்கவேண்டும். ஆகவே பலர் பார்ப்பதேயில்லை.

றப்பர்களனைத்தையும் மாற்றினோம். இயந்திர எண்ணெய் பட்டால் அவை ஊதிக் கெடுமாதலால் கைகளை நன்கு கழுவிக்கொண்டோம். குழாய்களிலிருந்த காற்றையும் வெளியேற்றினோம். மூன்றாம் ஞாயிறன்று மிதி சற்றே தாழ்ந்து, உறுதியாய் நின்றது. அதன் பின்னரே தமக்கையாரை ஏறவிட்டேன்.