கரண்டிப் போரும் நீதியின் அளவுகோலும்

விதி எல்லார்க்கும் ஒன்றாயின் போட்டி நீதியானது என்பர் ஒரு சாரார். பார்வைக்கு நேரியதாகத் தோன்றும் இக்கூற்று அரை உண்மையே. பொதுவான விதியுங்கூட, அளக்கவேண்டியதை விடுத்து வேறொன்றை அளக்குமாயின், அநீதியின் கருவியாகிவிடும். தென் கொரியச் சமையற் போட்டியொன்று இதற்குத் தக்க சான்று.

2024 செப்டெம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘சமையல் வர்க்கப் போர்’ என்னும் தொடரிற் பங்குபற்றியோர் 100 பேர். புகழ்பெற்ற 20 பேர் ‘வெள்ளைக் கரண்டிகள்’. ஏனைய 80 பேர் ‘கறுப்புக் கரண்டிகள்’. பின்னவர் தம் இயற்பெயரையும் இழந்து புனைபெயரால் மட்டுமே அழைக்கப்பட்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பொற்கரண்டி என்றும் வறியவர் வீட்டுப் பிள்ளையை மண்கரண்டி என்றும் சுட்டுவது கொரிய இளைஞரிடையே பெருவழக்கு. அவ்விளைஞரின் மனக்குமுறலையே இந்நிகழ்ச்சி தன் மூலதனமாக்கிக்கொண்டது. எனவே நீதி பற்றிய வினாவை அதன்மீது எவரும் வலிந்து சுமத்தவில்லை. அதுவே தன் வாயிலில் எழுதிவைத்த வினா அது.

முதற் சுற்றிற் கறுப்புக் கரண்டிகள் 80 பேர் 20 பேராகக் குறைக்கப்பட்டனர். வெள்ளைக் கரண்டிகளோ மேலிருந்து பார்த்து நின்றனர். இது ஏற்றத்தாழ்வு, ஆயினும் ஒளிவுமறைவற்ற ஏற்றத்தாழ்வு. அடுத்த சுற்றில் ஒரே மூலப்பொருளைக் கொண்டு இருவர் இருவராகப் பொருதினர். நடுவர்களான பேக் ஜொங்-வொன், ஆன் சங்-ஜே ஆகிய இருவரும் கண்களைக் கட்டிக்கொண்டு சுவைத்தனர். உணவின் தோற்றமும் கலையன்றோ எனக் கேட்கலாம். உண்மையே. ஆனால் அவ்விழப்பு இரு தரப்பினர்க்கும் ஒன்றே; மறைக்கப்பட்டதோ பாரபட்சத்தின் ஊற்றுக்கண். பெயரும் புகழும் மறைந்தன, சுவை எஞ்சியது. வாக்குறுதி காக்கப்பட்டது.

உணவகச் சுற்றில் அவ்வாக்குறுதி சிதைந்தது. அணிகள் தம் வேலையைத் தொடங்கிய பின்னர், ஒவ்வோர் அணியும் தன்னுள் ஒருவரை வெளியேற்றவேண்டும் என்னும் விதி புகுத்தப்பட்டது. வெளியேற்றப்பட்ட மூவரும், குறைந்த ஆட்பலத்தோடு, எஞ்சிய நேரத்துக்குள் புதியதோர் உணவகத்தை அமைக்க நேர்ந்தது. அங்கே அளக்கப்பட்டது சமையற்றிறன் அன்று.

விற்பனைத் தொகையே வெற்றியின் அளவுகோலாயிற்று என்பது இன்னும் பெரிய குறை. உண்ண வந்த 20 பேர்க்கும் தலைக்குப் பத்து இலட்சம் வொன் வழங்கப்பட்டிருந்தது. தன் உழைப்பின் பணத்தைச் செலவிடுபவனே விலையை எடைபோடுவான். பிறர் பணத்தை ஏந்தியவனுக்கு அக்கவலை ஏது? சொய் ஹியொன்-சொக் தலைமையிலான அணி உயர்ந்த விலை குறித்து முதலிடம் பெற்றது. அவ்வணியினரைக் குறைகூற இடமில்லை. விதி வேண்டியதையே அவர்கள் அளித்தனர். குறை விதியினுடையது.

‘இது வெறும் கேளிக்கை, வாழ்க்கையும் இவ்வாறுதானே அநீதியானது?’ என்பது எதிர்வாதம். வாழ்க்கையின் அநீதிக்கு மாற்றாகத் தன்னை விளம்பரம் செய்தபின், அதே அநீதியைத் தனக்குக் கேடயமாக்குவது முறையாகாது. மேலும், கேளிக்கைக்கு அநீதி இன்றியமையாததும் அன்று. இறுதிப் போட்டிக்கு முந்திய சுற்றில் ஒரே பொருளாகிய சோயாக் கட்டியைக் கொண்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒரு புதிய உணவு ஆக்கவேண்டியிருந்தது. ஒவ்வொருவராக வீழ, எட்வேர்ட் லீ எஞ்சினார். பொருள் ஒன்று, நேரம் ஒன்று. வேறுபட்டது கற்பனை மட்டுமே. பார்ப்போரின் ஆர்வம் அங்கே எள்ளளவும் குன்றவில்லை.

ஈற்றில் கறுப்புக் கரண்டியான குவொன் சொங்-ஜுன் வென்று 30 கோடி வொன் பரிசைப் பெற்றார். இதனையே நீதிக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஒருவரின் தகுதியான வெற்றி, இடையில் வெளியேற்றப்பட்ட மூவர்க்கு இழைக்கப்பட்டதை ஈடுசெய்யாது. முடிவு நன்றாயின் விதியும் நன்றே எனக் கொள்வது, தற்செயலாகச் சரியான எடையைக் காட்டிய பழுதுபட்ட தராசை நம்பி வாணிகம் செய்வதை ஒக்கும்.