பறக்கும் மாதிரிகளே வேண்டும்

நம் பள்ளியில் ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நடைபெறுவதும், அதில் ராக்கெட் மாதிரி ஒன்றேனும் இடம் பெறுவதும் யாவரும் அறிந்ததே. தெர்மகோலை வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, மூவர்ணக் கொடி வரைந்து மேசை மேல் நிறுத்துவோம். காண்போர் "அருமை" என்பர். மறுநாள் அது பரண் ஏறிவிடும். பறக்காத பொருளுக்கு ராக்கெட் என்ற பெயர் தகுமா?

இவ்வாண்டு நாங்கள் நால்வர் பறக்கும் ஈரடுக்கு ராக்கெட் ஒன்றைச் செய்ய முனைந்தோம். வெடிமருந்தைத் தொடக் கூடாது என்றனர் பெரியோர், அது சரியே. எனவே காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் நீளப் பலூன்களும் தூண்டில் நரம்பும் வாங்கினோம். காகிதக் குவளையை வெட்டி வளையமாக்கினோம். முன் பலூனை ஊதி, அதன் வாயை வளையத்திற்குள் இழுத்துப் பிடித்து, பின் பலூனின் தலையையும் அதே வளையத்தில் நுழைத்து ஊதினால், பின்னது உப்பி முன்னதன் வாயை அடைத்துக் கொள்ளும். பின் பலூன் காற்றிழந்து சுருங்கியதும் முன்னதன் வாய் தானே திறக்கும். வெந்து தீர்ந்த அடுக்கை உதறிவிட்டு, குறைந்த பாரத்தோடு மேலே செல்வதுதானே பல அடுக்கு ராக்கெட்டின் தத்துவம்! இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 புறப்படும்போது 17 டன் எடை. அது சுற்றுப்பாதையில் சேர்க்க வல்லதோ ஏறத்தாழ 40 கிலோதான். நான்கு அடுக்குகள் இன்றி அது இயலாது.

கண்காட்சியன்று எங்கள் ராக்கெட் நரம்பின் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சிரிப்பொலி எழுந்தது. "பெண்பிள்ளைகளுக்கு ஏனம்மா இந்த வேலை? கோலப் போட்டியில் சேர்ந்திருக்கலாமே" என்றார் பார்வையாளர் ஒருவர். பரிசு தெர்மகோல் ராக்கெட்டுக்குப் போயிற்று. பரிசு பெற்ற தோழியர் மீது எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால், ஏன் நின்றது என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம். பின் பலூனை வளையத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தோம். கழன்று விழ வேண்டியது கழலாமல் முன்னதைப் பிடித்து இழுத்தது. இந்தப் பாடத்தை எந்தத் தெர்மகோலும் எங்களுக்குக் கற்பித்திராது.

1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டும் ஈரடுக்கு கொண்டதே. அதற்கு இடம் தந்தவர்கள் அவ்வூர் மீனவ மக்கள். புனித மரிய மதலேனாள் ஆலயமே அன்று விஞ்ஞானிகளின் பணிமனையாயிற்று. 1979 ஆகஸ்டு 10-இல் எஸ்.எல்.வி.-3, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக் கோளாறால் கடலில் விழுந்தது. அப்துல் கலாம் அவர்களின் குழு பிழையைத் தேடிக் கண்டு திருத்தியது. 1980 ஜூலை 18-இல் ரோகிணி விண்ணில் சுழன்றது.

நம் போன்ற மாணவியர்க்கும் இது நேர்ந்ததுண்டு. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் உருவாக்கிய ஆசாதிசாட், 2022 ஆகஸ்டு 7-இல் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டோடு சென்று வீணானது. இரண்டாம் அடுக்கு பிரிகையில் ஏற்பட்ட அதிர்வால், உணர்கருவிகள் பழுதாயின என ராக்கெட்டின் கணினி தவறாக முடிவு செய்ததே காரணம். 2023 பிப்ரவரி 10-இல் ஆசாதிசாட்-2 வெற்றியுடன் சென்றது. மறுவாய்ப்புக் கிடைத்ததால் அன்றோ அம்மாணவியர் வென்றனர்!

நம் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற அரியலூர் வளர்மதி அம்மையார், 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராய் விளங்கினார்.  பெண்பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டே. கண்காட்சியில் இயங்கும் மாதிரிகளுக்கெனத் தனிப் பரிசு வைக்க வேண்டும். இயங்காது போனால் காரணம் கூறுவோர்க்கும் அதில் மதிப்பெண் வேண்டும். தவறியோர்க்கு அதே ஆண்டில் மறுவாய்ப்பும் அளிக்க வேண்டும்.

தோழியரே, எங்கள் ராக்கெட் மறுவாரம் நரம்பின் மறுமுனையைத் தொட்டது. அப்போது அங்கே கைதட்ட நாங்கள் நால்வர் மட்டுமே இருந்தோம். அடுத்த ஆண்டு நீங்களும் இருக்க வேண்டும்.