பேணிப் பாலும் நமது கடனும்

திருகோணமலையிலே கப்பல்களைக் கண்டு வளர்ந்த நாம், கடல் கடந்து வந்த பண்டமெனில் எளிதில் நம்பிவிடுகிறோம். குழந்தைப் பால்மாவுக்கு அந்நம்பிக்கை போதாது. 2008 இல் சீனாவில், நீர் கலந்த பாலில் புரதம் மிகுந்ததுபோற் காட்ட மெலமீன் சேர்த்தனர். நைதரசனை அளந்து புரதத்தைக் கணித்த சோதனை ஏமாந்தது. 6 மழலைகள் மாண்டன; ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றன.

துறைமுகத்திலே பேணியைச் சோதிப்பது அரசின் கடன். அடுக்களையிலோ கடன் நம்முடையது. நல்ல பால்மாவும் கிருமி முற்றும் நீங்கியதன்று. கொதித்த நீர் 70 பாகைக்குக் கீழே ஆறுமுன் மாவைக் கரைத்து, பின் இளஞ்சூடாக ஆற்றி ஊட்டுதல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எஞ்சியதைக் கொட்டிவிடுவோம். தாய்ப்பால் கிட்டும் பிள்ளைக்கோ இத்தொல்லை எதுவுமில்லை.