தடைக்காலம் முடிந்ததா, தம்பி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று சர்க்கார் விடுகிற லீவு. லீவு மீன்களுக்குத்தான், மீனவர்களுக்கு இல்லை! ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் எங்கே பார்த்தாலும் போட்டைக் கரையேற்றி, பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்று. ஜூன் 15 பிறந்துவிட்டால் பெயின்ட் காய்ந்ததோ இல்லையோ, போட் தண்ணீரில் இறங்கிவிடும்.

நம் சாஃப்ட்வேர் தம்பிகளுக்கு இந்த ஜூன் 15 மட்டும் வருவதே இல்லை.

வெப்சைட் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிற பையன்களைச் சொல்கிறேன். ஜவுளிக்கடை, லாட்ஜ், டிராவல்ஸ் என்று ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுப்பார்கள். திடீரென்று ஒரு நாள், 'நாமும் நம்ம பேரில் ஏதாவது எழுதணும், கற்றுக்கொண்டதை நாலு பேருக்குச் சொல்லணும்' என்று ஆசை வரும். ரொம்ப நல்ல ஆசை. உடனே உட்கார்ந்து எழுதவேண்டியதுதானே? ம்ஹூம்! எதில் கட்டுவது என்று மூன்று வாரம் யோசனை. அப்புறம் எழுத்துரு. அப்புறம் பகலில் வெள்ளைப் பின்னணி, ராத்திரியில் கறுப்பு. மாற்றிக்கொள்ள மூலையில் ஒரு குட்டி நிலா பட்டன். நிலா பிரமாதமாக வந்துவிடும். எழுத்து? 'விரைவில் எதிர்பாருங்கள்!' எதிர்பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதற்குள் புது டெக்னாலஜி ஒன்று வந்துவிடும். பழசை இடித்துவிட்டு மறுபடி அஸ்திவாரம்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இப்படி ஒன்றரை வருஷம் அஸ்திவாரம் போட்டான். வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன்.

"என்னப்பா, எழுதிட்டியா?"

"இன்னும் டிசைன் முடியலண்ணே."

"முடிஞ்சதும் என்ன எழுதப்போறே?"

"அதாண்ணே தெரியல. நமக்கு என்ன பெருசாத் தெரியும்?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு வீடியோ மீட்டிங். மொத்தம் பத்து நிமிஷம். 'உங்கள் டீம் கலைக்கப்படுகிறது, உங்கள் உழைப்புக்கு நன்றி.' மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஈமெயில் திறக்கவில்லை. லாப்டாப்பை கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அட்டைப்பெட்டியை ஒட்டி முடித்தபோதுதான் பையனுக்கு உறைத்தது. ஆறு வருஷம் செய்த வேலை, தீர்த்த சிக்கல், ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடித்த வித்தை எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அடுத்த இன்டர்வியூவில் கேட்டார்கள்: "நீங்க செஞ்ச வேலையில ஏதாவது காட்டுங்களேன்." காட்ட என்ன இருக்கிறது? கூரியர் ரசீதைத்தான் காட்டவேண்டும்!

இது அந்தப் பையனின் பிரச்னை மட்டுமில்லை. இன்டர்நெட்டில் நாம் பார்க்கிற 'வெப்' பிறந்ததே இந்தக் கவலையில்தான். ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்கிற பெரிய இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஆட்கள் வருவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். போகும்போது அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடும். புதிதாக வந்தவர் பழையபடி ஆரம்பத்திலிருந்து துழாவுவார். 'இந்த நஷ்டத்தைத் தடுக்க எல்லாக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்தால் என்ன?' என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலதிகாரி அதன் மேலே, தெளிவில்லை, ஆனாலும் சுவாரஸ்யம்தான் என்கிற அர்த்தத்தில் கிறுக்கி வைத்தார். 1991-ல் அது உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. ஆக, வேலை தெரிந்தவன் தெரிந்ததை எழுதி வைக்கட்டும் என்றுதான் வெப்பே வந்தது. சினிமா டிக்கெட்டும் பிரியாணி டெலிவரியும் அப்புறம் ஏறிக்கொண்ட பாசஞ்சர்கள்!

சரி, என்ன எழுதுவது?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த உதாரணம்தான் சொல்வேன். ஜர்னலில் என்ட்ரி போடும்போது டெபிட், கிரெடிட் எழுதினால் மட்டும் போதாது. கீழே 'நரேஷன்' என்று ஒரு வரி எழுதவேண்டும். எதற்காக இந்தப் பணம் போனது என்கிற விளக்கம். அது இல்லாவிட்டால் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 850 ரூபாய் எதற்குக் கொடுத்தோம் என்று கொடுத்தவனுக்கே தெரியாது. புரோகிராமர்களும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதவேண்டும் என்பது சம்பிரதாயம். என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'சரி செய்தேன்.' அடுத்தது, 'மறுபடி சரி செய்தேன்.' அதற்கடுத்து, 'இப்போது நிஜமாகவே சரி செய்தேன்!'

அந்த நரேஷனைக் கொஞ்சம் விரித்து எழுதினால் அதுதான் கட்டுரை. என்ன சிக்கல், எதையெல்லாம் செய்து பார்த்தேன், எது பலித்தது, ஏன் பலித்தது. நாலே கேள்வி.

கேணிக்கரைத் தம்பி கடைசியில் முதன்முதலாக எழுதியது எது தெரியுமா? ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் 'கோபால்' என்று தேடினால் அந்தப் பெயரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ஆனால் கோபால் கண்ணெதிரே ஸ்கிரீனில் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தான். யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கோ இவர் வேறு கோபால், அவர் வேறு கோபால். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்றும் எழுதினான். 'முத்துராமலிங்கம்' என்பது நமக்கு 9 எழுத்து. யூனிகோட் கணக்கில் 16. ஒற்றெழுத்தின் புள்ளி, காலு, கொக்கி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். பாரத்தில் பெயருக்கு 15 இடம் ஒதுக்கினால், கடைசிப் புள்ளி பறிபோய் அவர் 'முத்துராமலிங்கம' ஆகிவிடுவார். ஒரு மனிதருடைய பேரையே வெட்டிவிட்டு 'மேக்ஸிமம் லென்த்' என்று சொன்னால் எப்படி?

இதெல்லாம் தமிழில் ஃபாரம் செய்கிற ஒவ்வொருவனும் முட்டிக்கொள்கிற சுவர். ஒருவன் எழுதி வைத்தால் பின்னால் வருகிற நூறு பேருக்கு நெற்றி தப்பும். ஆறு மாதம் கழித்து வேறு கடை வேலையில் தம்பி இதே சிக்கலில் மாட்டினான். மறந்துபோய் இன்டர்நெட்டில் தேடினான். வந்து விழுந்தது அவன் எழுதியதே! "நல்லா எழுதியிருக்கான்ணே எவனோ" என்று பாதி வரை படித்தானாம். எழுதுகிறவனுக்கு முதல் வாசகன் அவனேதான்.

"இதையெல்லாம் இங்கிலீஷில்தானே எழுதணும்? இப்ப ஏஐ-யைக் கேட்டாலே சொல்லிடுமே?" என்று இரண்டு சந்தேகம் வரும்.

முதல் சந்தேகத்துக்குப் பதில் எங்கள் ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமான இன்ஜினீயரிங் படித்தபோது, அங்கிருந்த தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே செய்வோம் என்று தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ராக்கெட்டெல்லாம் அப்புறம்தான். படிக்கிற தொழிலைத் தாய்மொழியில் சொல்லிப் பார்த்தது முதலில். பாம்பனில் 2016-லிருந்து 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது. காற்றும் கடலும் பற்றி அவர்கள் பாஷையிலேயே பேசுகிறார்கள். தொழில் பேச்சுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று எந்த மீனும் கேட்கவில்லை! வேலைக்காக இங்கிலீஷிலும் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் பரமக்குடியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் படிக்க வருகிற பையனுக்குத் தமிழில் சொல்ல நம்மை விட்டால் யார்?

இரண்டாவது சந்தேகம். ஏஐ சொல்லும்தான். யாரோ எழுதி வைத்ததைப் படித்துத்தான் அதுவும் சொல்கிறது. தமிழில் எவனும் எழுதாவிட்டால் அது எதைப் படிக்கும்? தவிர, இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க விரும்புவது விடையை அல்ல, நீங்கள் விடைக்குப் போன வழியை.

சில எச்சரிக்கைகள். கம்பெனி ரகசியம், வாடிக்கையாளர் பெயர், பாஸ்வேர்டு இவற்றை எழுதாதீர்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள் (யாரும் படித்ததில்லை, இப்போதாவது!). முதலாளியைத் திட்டி எழுதினால் அன்றைக்கு நூறு பேர் கைதட்டுவார்கள், மறுநாள் அதில் ஒருவரும் வேலை தரமாட்டார்.

அப்புறம், வாடகை வீட்டை மட்டும் நம்பாதீர்கள். 1990-களில் ஜியோசிட்டீஸ் என்று இலவசமாக இடம் கொடுத்தார்கள். உலகம் பூராவும் லட்சக்கணக்கானவர்கள் குடியேறினார்கள். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009-ல் இழுத்து மூடியது. 2014-ல் ஆர்குட்டும் போயிற்று. எங்கே எழுதினாலும் ஒரு காப்பி உங்கள் கையில் இருக்கட்டும். அது கம்பெனி லாப்டாப்பில் வேண்டாம். முடிந்தால் சொந்தப் பெயரில் ஒரு முகவரியும் வாங்கிப்போடுங்கள். வருஷத்துக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கிக் கிடைக்கிறது.

தம்பிக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. இன்டர்வியூவில் இரண்டு கோபால்களைப் பற்றித்தான் அரைமணி நேரம் கேட்டார்களாம். அந்தக் கட்டுரை எந்த அலங்காரமும் இல்லாமல் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகத்தான் இருந்தது. டிசைன் ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, இன்று சாயங்காலம் பத்து வரி எழுதுங்கள். இந்த வாரம் ஆபீசில் எது உங்களைப் படுத்தியது, எப்படித் தீர்ந்தது, அவ்வளவுதான். நிலா பட்டனை அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துக்கொள்ளலாம்!