மதிப்பெண்ணுக்கு முன்பே ஒரு மனக்கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் கிளைகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கையில் கல்லூரிச் சேர்க்கை ஆணை. முகத்தில் பெருமிதமும் பதற்றமும். கட்டணம் செலுத்த எஞ்சியிருப்பதோ மூன்றே நாள்கள். மகளோ மகனோ தரையைப் பார்த்தபடி நிற்க, "இந்த வாரத்துக்குள் கடன் கிடைத்துவிடுமா?" என்று தந்தை தணிந்த குரலில் கேட்கிறார். மதிப்பெண்ணுக்காக இரண்டு ஆண்டுகள் உழைத்த குடும்பம், பணத்தைப் பற்றிச் சிந்திக்க மூன்று நாள்களையே ஒதுக்கியிருக்கிறது.

குறை பெற்றோரின் அக்கறையில் இல்லை. அவர்களின் மௌனத்தில் இருக்கிறது. வீட்டு வருமானத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளையின் படிப்பு கெடும் என நாம் அஞ்சுகிறோம். ஆனால், கல்விக் கடனில் பொதுவாக மாணவரே முதன்மைக் கடனாளி. பெற்றோர் கூட்டுக் கடனாளி. நாளை தான் சுமக்கப்போகும் பாரத்தை இன்றே அறியும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் 2 லட்சம் ரூபாய் வீதம் 8 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், வட்டி 10 சதவீதம் எனவும் கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. எனினும் தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் அதற்குள் 2.80 லட்சம் ரூபாய் சேர்ந்துவிடும். 10.80 லட்சம் ரூபாயைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 14,300 ரூபாய். மாறாக, வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்தி வந்தால் (முதலாண்டில் மாதம் ஏறத்தாழ 1,670 ரூபாய், நான்காம் ஆண்டில் 6,670 ரூபாய்) பிந்தைய தவணை 10,600 ரூபாய் அளவில் நின்றுவிடும். புதிதாக வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு மாதம் 3,700 ரூபாய் சிறு தொகையன்று.

ஆகவே, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமன்றி விடுதி, உணவு, பயணம், மடிக்கணினி ஆகியவற்றையும் சேர்த்து முழுப் படிப்புக்குமான செலவை எழுதுங்கள். சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு எனப் பிரியுங்கள். விருப்பப் பட்டியலில் குடும்பத்தால் எளிதில் தாங்கக்கூடிய கல்லூரி ஒன்றேனும் இருக்கட்டும்.

பதினொன்றாம் வகுப்பில் ஆவணங்களைச் சரிபாருங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் வேறோர் எழுத்து என்ற சிறு பிழைகூடக் கடைசி நேரத்தில் பெருந்தடையாகும். பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கான சான்றிதழ்கள் அவ்வாண்டு ஏப்ரல் 1-க்குப் பின் பெற்றவையாக இருத்தல் வேண்டும் எனப் பல மத்தியச் சேர்க்கைகளில் கோரப்படுகிறது. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு ஜனவரி, ஏப்ரல் என இரு பருவங்களில் நடைபெறுவதால் விண்ணப்பக் காலம் பொதுத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கடன் விதிகளையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் இடம்பெறுவோர் பிணையும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள, பிற அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத குடும்பத்து மாணவருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியத்துக்கும் வழியுண்டு. கடனுக்கான வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டுகள் வரை விலக்குக் கோரலாம்.

"பிள்ளையின் கனவுக்கு விலை பேசலாமா?" எனச் சிலர் கேட்கக்கூடும். விலை பேசச் சொல்லவில்லை. வழி வகுக்கச் சொல்கிறோம். செலவை அறிந்த மாணவர் கனவைக் கைவிடுவதில்லை. உதவித்தொகையைத் தேடுகிறார், அரசுக் கல்லூரி இடத்துக்காகக் கூடுதலாக முயல்கிறார், பாடத்தைத் தெளிவுடன் தேர்கிறார்.

கடன் வழங்குவது எங்கள் தொழில். ஆயினும், தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்காதீர்கள் என்றே நாங்கள் சொல்வோம். அடுத்த ஜூன் மாதத்தில் அல்ல, இந்த மாதமே பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். விண்ணப்பம் தர வேண்டாம். கேள்விகளோடு வந்தால் போதும்.